தோல் பூச்சி

ஜெயம்மாள் முறத்தை நீட்டினாள். முறத்தில் ஒரு பிடி காராமணி, அதன் நடுவே ஒரே ஒரு வண்டு. அதுவும் செத்துப்போன வண்டு. கொலைக் கேசுக்குச் சாட்சி கொண்டுவந்த தோரணையில் அதை மெர்சியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள் அந்த வீட்டு ஓனரம்மா.

மெர்சி அப்போதுதான் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்று டப்பா டப்பாவாக ஷூ அடுக்கிவிட்டு வருகிறவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவாவது நேரம் கொடுத்திருக்கலாம். ஓனரம்மாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"இன்னாக்கா இது?"

"நீயே பாரு. என் காராமணி டப்பா முழுக்க இதான் ஓடுது. இந்த வீடு கட்டின நாள்லேர்ந்து ஒரு பூச்சி பாத்ததில்ல நான். நீங்க குடி வந்தப்புறம்தான் எல்லாம்."

"காராமணில வண்டு வர்றது ஊர்ல இல்லாத கதையாக்கா?"

"இது காராமணி வண்டு இல்லம்மா. தோல் பூச்சி. உன் வீட்டுக்காரர் குடோன்ல இருக்குதாமே. அவர் சட்டையில ஒட்டிக்கினு வந்து இங்க இறங்கிடுச்சு. எதிர் வீட்டு ரங்கம்மாவும் அதான் சொல்லுது."

மெர்சிக்குக் காது சூடானது. அவள் புருஷன் இன்பராஜுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தோலை விரித்து, உப்புப் போட்டு, அடுக்குவது. வேலை முடிந்ததும் அங்கேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் ஆம்பூர் பஸ் ஏறுவான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒரு குளியல். அத்தனை குளியலையும் இந்தத் தெரு பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேச்சு.

"கோச்சுக்காத மெர்சி. மாசக் கடைசில வீட்டக் காலி பண்ணிடுங்க. அது வரைக்கும் மொட்டை மாடியில உங்க சாமான் எதையும் காய வைக்காதீங்க. பக்கத்துல பக்கத்துல வச்சா எங்களுதுக்கும் பரவும்."

சொல்லிவிட்டு ஜெயம்மாள் முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். ஏதோ மெர்சி பிடுங்கிக்கொள்ளப் போகிறாள் போல.

ஜெயம்மாள் பொல்லாதவள் என்று சொன்னால் அது பொய். நான்கு குடித்தனம் இருக்கும் அந்த வரிசை வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சி கொண்டுபோவது அவள்தான். வாலாஜாப்பேட்டைப் பக்கம் அவளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே விளைந்தது எதுவானாலும், பழைய புடவையைக் கிழித்து அதில் மூட்டை கட்டி நான்கு வீட்டுக்கும் கொடுத்துவிட்டுத்தான் தான் வாயில் வைப்பாள். மெர்சியின் மகள் நர்ஸிங் படிக்க பெங்களூருக்குப் போன அன்று அவள் கையில் பூவும் பிஸ்கட்டும் திணித்து அனுப்பியவளும் இதே ஜெயம்மாள்தான். மெர்சியை அதிகம் எரிய வைத்ததே அதுதான். கெட்டவள் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. மெர்சி கம்பெனியில் பேக்கிங் பிரிவு. ஷூ டப்பாவுக்குள் ஈரம் இழுக்கப் போடுகிற சின்னச் சின்ன சிலிக்கா பாக்கெட்டுகள் மிச்சமாகும். கிழிந்த டப்பாக்களோடு அதையும் கழித்துவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு அதில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துவருவது அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் பழக்கம். ஆம்பூரில் எந்தச் சமையல்கட்டுக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தாலும் அந்த வெள்ளைப் பொட்டலம் ஒன்று தலை காட்டும். ஜெயம்மாளும் கேட்டு வாங்குவாள். "ஷூ பாக்கெட் வந்தா எனக்கும் ரெண்டு எடுத்துனு வா மெர்சி." உப்பில் போடுவாள், ரவையில் போடுவாள், பருப்பில் போடுவாள். அது ஈரத்தைத்தான் இழுக்கும், வண்டை ஒன்றும் செய்யாது என்று மெர்சி சொல்லியும் கேட்க மாட்டாள். ஷூ பக்கத்திலேயே கிடந்த பொட்டலம் சாப்பாட்டுச் சாமானுக்குள் போகலாம், ஷூவுக்குத் தோல் அனுப்புகிற ஆளின் அரிசி மட்டும் மாடிக்குப் போகக் கூடாது. நல்ல கணக்கு.

இன்பராஜ் வந்து, குளித்து, தலை துவட்டி முடிக்கும் வரை மெர்சி வாயைத் திறக்கவில்லை. சோற்றைப் போட்ட பிறகு சொன்னாள். அவன் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"போய்டலாம் மெர்சி. எதுக்குப் பேஜாரு? வேற வீடு பாத்துக்கலாம்."

"எங்க பாப்ப? எங்க வேலைன்னு கேப்பான். டேனரின்னு சொன்னா, எந்தப் பிரிவுன்னு கேப்பான். அத சொன்னதும், வீடு நேத்துதான் விட்டுட்டோம்பான். மறந்துட்டியா?"

மறக்கவில்லை அவன். இந்த வீடு கிடைப்பதற்கு முன் எத்தனை வாசலில் அந்த ஒரே பதிலைக் கேட்டார்கள் என்பது அவனுக்கும் நினைவிருந்தது. தோல் காசு புழங்காத கல்லா இந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. மளிகைக் கடை, பிரியாணிக் கடை, ஆட்டோ, பள்ளிக்கூடம் எல்லாமே அந்தக் காசில்தான் நிற்கின்றன. காசு மட்டும் கை மாறும்போது மணக்காது போலிருக்கிறது.

"இப்ப இன்னாதான் செய்யணும்ற?"

"வீட்ட விட்டுப் போறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா தோல் பூச்சி கொண்டாந்தவங்கன்ற பேரோட போனா, அடுத்த தெருவுல நமக்கு முன்னாடி அந்தப் பேரு போய் நிக்கும். அந்தப் பேர இங்கயே கழுவிட்டுத்தான் நான் நகருவேன். நாளைக்கு உங்க குடோன்லேர்ந்து அந்தப் பூச்சி ஒண்ணு பிடிச்சினு வா."

"எது?"

"தோல் பூச்சிதான். நிஜமானது. ஒரு தீப்பெட்டியில போட்டு எடுத்துனு வா."

இன்பராஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பூச்சி கொண்டுவருகிறான் என்பதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். இவள் பூச்சி கொண்டுவரச் சொல்கிறாள். ஆனால் கல்யாணமான நாள் முதல் மெர்சியின் தாடை அப்படி இறுகும்போது எதிர்த்துப் பேசி அவன் ஜெயித்ததில்லை. மறுநாள் தீப்பெட்டி வந்தது.

மெர்சி அதை எடுத்துக்கொண்டு நேரே ஜெயம்மாள் வீட்டு வாசலுக்குப் போனாள். உள்ளே போகவில்லை. வாசலிலேயே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, தீப்பெட்டியைக் கவிழ்த்தாள். கறுத்த, நீண்ட பூச்சி ஒன்று விழுந்தது. அடிவயிறு மட்டும் வெளுத்திருந்தது.

"இதான்க்கா தோல் பூச்சி. காஞ்ச தோலத் திங்கறது. உங்க முறத்துல இருந்தத எடுத்துனு வாங்க. பக்கத்துல வச்சிப் பாக்கலாம்."

ஜெயம்மாளுக்கு விருப்பமில்லை. ஆனால் அவள் கணவர் வேதாசலம், பொழுது போகாமல் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், எழுந்துபோய் முறத்தையே எடுத்துவந்துவிட்டார். காராமணி வண்டு குட்டையாக, பழுப்பாக, முதுகில் வெளிறிய புள்ளிகளோடு இருந்தது. தோல் பூச்சியின் பாதிகூட இல்லை. இரண்டையும் பார்க்க மூக்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை.

"வேற வேறதான் ஜெயா இது" என்றார் வேதாசலம்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ஜெயம்மாள். பிறகு மெர்சியிடம், "பூச்சின்னா பூச்சிதான்மா. அதுல பெருசு சின்னதெல்லாம் இருக்கும். குட்டியாக்கூட இருக்கலாம் இல்ல?" என்றாள்.

வண்டில் குட்டி வண்டு ஏது? புழுதானே. மெர்சி அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தாளை மடித்தாள். நம்பக் கூடாது என்று உட்கார்ந்திருப்பவளுக்கு யானையையே கொண்டுவந்து காட்டினாலும் அதுவும் தோல் பூச்சிதான்.

வழியில் எதிர் வீட்டு ரங்கம்மாள் தன் வாசல்படியில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மெர்சியைக் கண்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவசரமில்லாமல், மரியாதையாகத்தான் போனாள். மெர்சிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகை இல்லை அது, ஆத்திரம். இனி யார் வாசலிலும் போய் நின்று விளக்கம் சொல்லப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வெள்ளைப் புடவையை மாற்றாமலே இடுப்பில் செருகிக்கொண்டாள். சமையல்கட்டில் இருந்த முதல் டப்பாவைத் தூக்கினாள்.

"எங்க எடுத்துனு போற?" என்றான் இன்பராஜ்.

"மாடிக்கு."

"வேணாம்னு சொல்லியிருக்காங்களே..."

"சொல்லட்டும். பூச்சி வந்தா சாமானை வெயில்ல போடணும். வெயில் எங்க இருக்குது? மாடியிலதான் இருக்குது. நீ அரிசி டிரம்மத் தூக்கு."

சித்திரை மாதத்து வெயில். மொட்டை மாடியில் காலை வைத்தால் தோசைக்கல்லில் வைத்தது போல இருந்தது. மெர்சி பழைய பெட்ஷீட்டை விரித்து அரிசியைக் கொட்டினாள். துவரம்பருப்பு, உளுந்து, கடலை, ரவை, கோதுமை மாவு, மகளுக்காக வாங்கி வைத்திருந்த சேமியா. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, தட்டிக் கவிழ்த்து, மூடியின் விளிம்பைக்கூடத் துணியால் துடைத்துக் காட்டினாள். காட்டினாள் என்றால், யாருக்கு? முதலில் யாருமில்லை. அவள்தான் மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்று கீழே குரல் கொடுத்தாள்.

"அம்பிகா! மேல வா! அக்கா, நீங்களும் வாங்க! எங்க வீட்டுல இருக்கற எல்லாத்தையும் திறந்து வச்சிருக்கறேன். எந்தப் பூச்சி எங்க இருக்குதுன்னு வந்து பாருங்க!"

அடுத்த வீட்டு அம்பிகா பாதி சாப்பாட்டில் எழுந்து வந்தாள். கோடி வீட்டு மஹபூப் பாஷா ஞாயிறு தூக்கம் கெட்ட முகத்தோடு வந்தார். வேதாசலம் வந்தார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஜெயம்மாள்.

"மாடியில போடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. போட்டுட்டேன். இப்ப பாருங்க."

பார்த்தார்கள். அம்பிகா அரிசியில் கை விட்டு அளைந்து பார்த்தாள். பாஷா உளுந்தை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எல்லாம் சுத்தம். ஜெயம்மாள் குனியாமல் நின்றபடியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லையா வீட்டுல?"

"இருந்தா அதையும் எடுத்துனு வர்றேன். இருங்க" என்று மெர்சி படியிறங்கினாள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

ஒன்றையும் விடக் கூடாது என்பது அவளே போட்ட உத்தரவு. ஷெல்ப், மேல் பரண், பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழே என்று எல்லாம் பார்த்தாள். பின்னால் வந்த இன்பராஜ் சும்மா நின்றிருக்கலாம். அவன் கண் பீரோவின் மேலே போனது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து மெர்சியும் நிமிர்ந்தாள்.

பீரோ மேலே, மகளின் பழைய சூட்கேசுக்குப் பின்னால், கலர் கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு கூடை.

அந்தக் கூடையின் கதை வெட்கக்கேடு. மாசி மாதம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டிலிருந்து நெல்லோ பூசணியோ கோழியோ கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தது ஆசீர்வாதம். மெர்சி அந்த வருஷம் வீட்டில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைக் கூடையில் வைத்து, அழகாகத் தாள் சுற்றிக் கொடுத்தாள். ஏலத்தில் அந்தக் கூடை வந்தபோது இன்பராஜுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அவன் ஆண்கள் பக்கம், இவள் பெண்கள் பக்கம். இது நம்ம கூடைதான், கேட்காதே என்று இவள் கண்ணை உருட்டினாள், தலையை ஆட்டினாள். அவன் அதை இன்னும் கேள் என்று எடுத்துக்கொண்டான். சபையே கைதட்ட, தன் வீட்டுக் கூடையைத் தானே, பிரியாணி அண்டா வாங்கும் விலைக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றான் மகராசன். அந்த விலை கொடுத்த ஆசீர்வாதத்தைக் குழம்பு வைக்க யாருக்கு மனசு வரும்? பீரோ மேலே ஏற்றி வைத்தார்கள். சூட்கேஸை அதற்கு முன்னால் தள்ளினார்கள். மறந்தார்கள்.

மெர்சி ஸ்டூலில் ஏறிக் கூடையை இறக்கினாள். தாளுக்குள் சரசரவென்று சத்தம். பழுப்புப் புள்ளி வண்டுகள் கண்ணாடித் தாளில் மேலும் கீழும் ஊர்ந்தன. உள்ளே இருந்த மொச்சை ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தின மாதிரி வட்டமாக ஓட்டை. தாள் ஒரு மூலையில் கிழிந்திருந்தது.

"கர்த்தாவே" என்றான் இன்பராஜ்.

மெர்சி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாடியில் நின்று அவ்வளவு பெரிய வாய் பேசினது யார்? அவள்தான். இப்போது பூச்சி அவள் வீட்டில்தான் இருக்கிறது. அவளுக்கு அவமானமாக இருந்தது. உடம்பெல்லாம் அந்த வண்டுகள் ஊர்வது போல இருந்தது.

"மெர்சி, குடு. பின்னாடி சாக்கடையில கொட்டிட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம். யாருக்கும் தெரியாது. மேல எல்லாம் சுத்தம்னு பாத்துட்டாங்க. அதோட முடிஞ்சிடும்."

முடிந்துவிடும்தான். மெர்சிக்கும் கை துறுதுறுத்தது. கூடையை அவனிடம் நீட்டியும்விட்டாள். அப்போதுதான் கூடையின் அடியில் விரித்திருந்த துணி கண்ணில் பட்டது. பச்சைப் புடவைத் துணி, கடுகு மஞ்சள் பார்டர். நீட்டிய கையை அவள் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்."

"ஏன்?"

"ஒளிச்சி வச்சா, அவங்க சொல்ற மாதிரி நம்மகிட்ட என்னவோ தப்பு இருக்குதுன்னு நாமளே ஒத்துக்கினதா ஆய்டும். மொச்சையில வண்டு வந்தா அதுக்கு நான் இன்னாத்துக்கு வெக்கப்படணும்? எல்லாத்தையும் காட்டறேன்னு சொல்லியிருக்கறேன். எல்லாத்தையும்தான் காட்டுவேன்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். இன்பராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

மாடியில் கூடையை வைத்துத் தாளைக் கிழித்தாள். வண்டுகள் வெயில் பட்டதும் நாலா பக்கமும் சிதறின. அம்பிகா ஐயோ என்று பின்வாங்கினாள். ஜெயம்மாளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்! நான் சொன்னேன் இல்ல? இவங்க வீட்டுலேர்ந்துதான்னு தலதலயா அடிச்சிக்கினேன் இல்ல?"

"ஆமாக்கா" என்றாள் மெர்சி. "எங்க வீட்டுலதான் இருந்துச்சு. பீரோ மேல. நானே எடுத்துனு வந்து உங்க முன்னாடி வச்சிருக்கறேன். இப்ப இந்தத் துணியக் கொஞ்சம் பாருங்க."

மொச்சையை ஒதுக்கி, அடியில் இருந்த துணியை உருவி உதறிப் பிடித்தாள். பச்சைத் துணி வெயிலில் படபடத்தது.

வேதாசலம்தான் முதலில் பேசினார். "ஜெயா, இது உன் தீபாவளிப் புடவை இல்ல? கொடியில மாட்டிக் கிழிஞ்சிதே."

ஜெயம்மாள் அந்த மஞ்சள் பார்டரையே பார்த்தாள்.

"தை மாசம் நிலத்துலேர்ந்து மொச்சை வந்துச்சு. நாலு வீட்டுக்கும் இந்தத் துணியில கட்டிக் குடுத்தீங்க. ஆசையா குடுத்தீங்களேன்னு நான் அதக் குழம்பு வைக்காம சர்ச்சுக்குப் படைக்க எடுத்துனு போனேன். எங்க வீட்டுலயே நல்ல பொருள் இதான்னு எடுத்துனு போனேன்க்கா."

அம்பிகா தொண்டையைச் செருமினாள். "எங்களுதுலயும் வண்டு வந்துடுச்சுக்கா. மாசியிலயே. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லாம கொட்டிட்டேன்."

"எங்க வீட்டுலயும்தான்" என்றார் பாஷா மெதுவாக. "ஆடு தின்னுடுச்சு."

வேதாசலம் கீழே போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு மொச்சைச் சாக்கு, கையில் காராமணி டப்பா. மாடிப்படிக்குக் கீழே இருந்த சாக்கு. காராமணி டப்பாவும் அதன் மேலேயே உட்கார்ந்திருந்ததாம். சாக்கின் வாயை அவிழ்த்ததும் யாரும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. வண்டுகளே வெளியே வந்து காட்டிக்கொண்டன. டப்பாவைக் கவிழ்த்தார். ஓட்டைக் காராமணி கொட்டியது. அதோடு சேர்ந்து மெர்சி கொடுத்த ஷூ பாக்கெட்டும் பொத்தென்று விழுந்தது.

"வந்தப்பவே ரெண்டு நாள் வெயில்ல போடணும்னு சொன்னேன்" என்றார் வேதாசலம், பொதுவாக எல்லாரையும் பார்த்து.

ஜெயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சிரிக்க முயன்றாள். "அது சரி. மொச்சைன்னா வண்டு வராம இருக்குமா? செடியில இருக்கறப்பவே முட்டை வச்சிடும் அது. யார் வீட்டுலயும் வர்றதுதான். இதப் போய் இவ்ளோ பெருசா..."

மெர்சிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"இப்ப யார் வீட்டுலயும் வருமாக்கா? அன்னைக்கு ஏன் வரல? இதே வண்டுதான். முதுகுல இருக்கற புள்ளிகூட மாறல. எங்க வீட்டுலேர்ந்து வந்ததுன்னு நெனச்சப்ப அதுக்குப் பேரு தோல் பூச்சி. உங்க நிலத்துலேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்ச உடனே, பாவம், அது மொச்சையில வர்றது, யார் வீட்டுலயும் வர்றது. உங்க டப்பாவுல கிடக்குதே இந்தப் பாக்கெட்டு, இது ஷூவோட ஒண்ணா படுத்துக் கிடந்தது. அத வாங்கி வாங்கி சாப்பாட்டுச் சாமான்ல போட்டீங்க. அப்ப தோல் வாடை தெரியலையா? என் வீட்டுக்காரரு ரெண்டு வேளை குளிச்சிட்டு வர்றாரு. அவரு சட்டையில மட்டும் தெரிஞ்சிதா?"

இன்பராஜ் மாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்து நரம்பு துடிப்பதை மெர்சி பார்த்தாள். இத்தனை வருஷமாக அவன் எதற்கும் பேஜாரு வேணாம் என்று சொன்னது பயத்தால் மட்டுமில்லை, இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதாலும்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

ஜெயம்மாள் குரலை இறக்கினாள். "சரி விடு மெர்சி. நடந்தது நடந்துபோச்சு. நீங்க காலி பண்ண வேணாம். இருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"இருக்கத்தான் போறேன். போகணும்னு எனக்குத் தோணுறப்ப போவேன். ஆனா எதிர் வீடு, தெருவுன்னு தோல் பூச்சின்னு சொல்லி வச்சீங்களே, அத மாத்திச் சொல்லுங்க. நீங்கதான் சொன்னீங்க, நீங்கதான் மாத்தணும்."

"அத போய் எப்படிம்மா... வீடு வீடா போயா சொல்ல முடியும்?"

வெயில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டிய வேலை கிடந்தது. ஓட்டை விழுந்த மொச்சையைச் சாக்கோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். மிச்சச் சாமானை விரிக்க ஜெயம்மாளும் ஒரு பெட்ஷீட் கொண்டுவந்தாள். மெர்சியின் பெட்ஷீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, சுவரோரமாக விரித்தாள். பழக்க தோஷம். விரித்துவிட்டு அரிசியைக் கொட்டினாள்.

மெர்சி அதைப் பார்த்தாள். எழுந்தாள். தன் பெட்ஷீட்டின் இரண்டு முனையையும் பிடித்து, அரிசி சிந்தாமல் இழுத்துக்கொண்டே போய், ஜெயம்மாள் பெட்ஷீட்டோடு ஒட்டி வைத்தாள். ஓரத்தின் மேல் ஓரம் ஏறியது. ஜெயம்மாள் தன்னுடையதை இழுக்கக் கை நீட்டினாள். பின்னால் சுவர். நகர இடமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு மாடிக்கு ரங்கம்மாள் மிளகாய் வற்றலைக் கிளறிவிட வந்தாள். இங்கே இத்தனை தலைகளைக் கண்டதும் வற்றலை மறந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"இன்னா ஜெயம்மா, கூட்டமா இருக்குது? தோல் பூச்சி போச்சா? எப்பக் காலி பண்றாங்க?"

மெர்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜெயம்மாளை மட்டும் பார்த்தாள். வேதாசலமும் பார்த்தார். அம்பிகாவும் பாஷாவும் பார்த்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த இன்பராஜ்கூட மெதுவாகத் திரும்பினான்.

ஜெயம்மாள் அரிசியைக் கையால் அளைந்தாள். "தோல் பூச்சி இல்ல அது" என்றாள், அரிசியிடம் சொல்வது போல.

"இன்னா? கேக்கல!" என்றாள் ரங்கம்மாள்.

"எதிர் வீட்டுல கேக்கலையாம்க்கா" என்றாள் மெர்சி.

ஜெயம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமும் இருந்தது அந்தப் பார்வையில், வேறு ஏதோவும் இருந்தது. பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். கைப்பிடிச் சுவர் வரை நடந்து போய் நின்றாள்.

"தோல் பூச்சி இல்லடி ரங்கம்மா! எங்க மொச்சைப் பூச்சி! எங்க நிலத்துலேர்ந்து வந்த மொச்சையில வந்தது! நான்தான் நாலு வீட்டுக்கும் குடுத்தேன்! அவங்க எங்கயும் போகல!"

கீழே தெருவில் ஸ்கூட்டரில் போனவன் வண்டியை மெதுவாக்கி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். ரங்கம்மாள் மிளகாய் வற்றலைத் தேடிக் குனிந்தாள்.

மெர்சி முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு பெட்ஷீட்டும் சேர்கிற இடத்தில் அரிசியைப் பரத்திவிட்டாள்.

"இப்ப கேட்டிருக்கும்க்கா" என்றாள்.